எந்தக் கை

காட்பாடி ஜங்ஷன் படிக்கட்டில்
மூணாவது படி ஈரமாயிருந்தது. அவ்வளவுதான்.
கையை ஊன்றினேன்.
மளுக்கென்று உள்ளே ஒன்று பேசியது.

டவுன் பஸ் அடுக்கம்பாறை போய்ச் சேர்வதற்குள்
மணிக்கட்டு இலவம்பாடிக் கத்தரிக்காயாகியிருந்தது,
அதே ஊதா,
முள் மட்டும் உள்பக்கம்.

சீட்டு வாங்க இரண்டு வரிசை.
ஆண்கள் வரிசையில் ஒருத்தன் நகர்ந்து இடம் விட்டான்,
மரியாதைக்கில்லை.
பெண்கள் வரிசையில் ஒருத்தி
குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.
நடுவில் தூண் இருந்தது.
தூணோடு நின்றேன்.
வேலூர் வெயில் தூணுக்கும் எனக்கும் பொது.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.
குடித்தால் போகவேண்டும்.
போனால் இரண்டு கதவு.
ஒன்றில் சிரிப்பார்கள், ஒன்றில் அலறுவார்கள்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடப்பது
எவ்வளவோ தேவலை.

கூப்பிட்டார்கள்,
அட்டையில் இருக்கும் பெயரை.
அதை இங்கேயும் எழுதமாட்டேன்.
முதல் தடவை வேறு யாரையோ என்றிருந்தேன், நிஜமாகவே.
மூன்றாம் தடவை எழுந்தபோது
பெஞ்சு மொத்தமும் திரும்பியது.
அமுலுன்னு கூப்பிடுங்க சார்.
கம்ப்யூட்டர்ல அப்படி இல்லியேம்மா.
அந்த ‘ம்மா’வை மட்டும் எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டாக்டர் சின்னப் பையன். ராத்திரி டூட்டிக் கண்.
ஆபரேஷன் ஆயிடுச்சா?
எங்க பண்ணீங்க, எத்தனை வருஷமாவுது?
வீட்ல சேத்துக்கறாங்களா?
அந்த ரத்த டெஸ்ட் கடைசியா எப்ப?
பின்னால் இரண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.
மடியில் கை கிடந்தது,
யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பையைப் போல.
படியில வுழுந்துட்டேன் சார், கை,
என்றேன் கடைசியாக.
ஆமால்ல, என்றார்.
ஆமால்ல.

எக்ஸ்ரே அறையில் ஜலபதி என்றொருவர்,
காதில் பென்சில்.
“எந்தக் கை?”
வந்ததிலிருந்து கைக்கென்று கேட்ட முதல் கேள்வி.
பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து,
பழக்க தோஷத்தில், தலை நிமிராமல்:
“மாசமா கீறியாம்மா?”

சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் எலும்பு இடறிக் கண்ணில் தண்ணி.
அவருக்கு அப்புறம்தான் உறைத்தது,
பென்சிலைக் கீழே போட்டார், தேடினார்.
இல்ல, பொம்பளைங்க யாரு வந்தாலும் கேக்கணும், ரூல்ஸு.
இல்லைங்க, என்றேன்.
அன்றைக்குச் சொன்ன பதில்களிலேயே
வாய் நிறையச் சொன்னது அது ஒன்றுதான்.
இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

பிளேட் வைக்கணுமாம்.
எந்த வார்டு என்று இரண்டு சிஸ்டர்கள்
என் தலைக்கு மேலே பேசினார்கள்.
வராந்தாவில் கட்டில் போட்டார்கள்.
கால்மாட்டில் மணல் வாளி, தலைமாட்டில் லிஃப்ட்.

ராத்திரி மயக்க மருந்து டாக்டர் வந்தாள்.
சட்டையில் ஹெப்சிபா என்று இருந்தது.
தினம் என்ன மாத்திரை சாப்பிடறீங்க?
பகலெல்லாம் துருவியவர்கள் கேட்க மறந்தது.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
உடம்புச் சூடேறிய வெள்ளித்தாள்,
நாலு குழி காலி.
யார் எழுதித் தந்தாங்க?
யாருமில்ல. கூட இருக்கற பவுனு சொன்னா, மெடிக்கல்ல கேட்டா குடுப்பான்.
அவள் திட்டவில்லை.
விளக்குப் பக்கம் திருப்பிப் படித்தாள்.
ரத்தம் கட்டிக்கும், அதனாலதான் கேட்டேன், என்றாள்.
எழுதிக்கொண்டாள்.

போகும்போது நின்றாள்.
ஆபரேஷன் முடிஞ்சு எழுப்பறப்ப
எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடட்டும்?
திரும்பிப் பாக்கணுமே நீங்க.

சொன்னேன்.
தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
தாளில் அல்ல, பேனாவால், கையில்.

பத்து மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்க.
பழக்கம்தான், என்றேன்.
அவளுக்குப் புரிந்திருக்காது.

ஒன்பது இருபது.
வாளிக்குப் பக்கத்தில் பாட்டில்.
வராந்தாக் கோடியில் இரண்டு கதவு.
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.